பேய் நோட்டில் நாலாவது கட்டம்

நான் முதன்முதலில் பார்த்த அரக்கர் கூட்டத்துக்கு என் கையாலேயே ஸ்பைரல் பைண்டிங் போட்டேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்போது எனக்கு வேலை. டிப்ளமோ முடித்து, கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். யாரோ ஓர் இன்ஜினியரிங் மாணவன் இரண்டு கட்டுத் தாள்களைக் கொடுத்து, சாயந்திரம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். நான் அந்த வேலையை விட்ட அன்று கடைக்காரர் அலமாரியைக் காட்டி, "நுவ்வே தீஸ்கோம்மா, எவரூ ராரு" என்றார். யாரும் வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரிந்திருந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு கட்டு, ஓர் ஆட்டத்தின் விதிகள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதை சொல்லுவாள். காடு, பாலம், ஊர், பேய் எல்லாமே அவள்தான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வழிப்போக்கராக அந்தக் கதைக்குள் நுழைந்து, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் தாயம் உருட்ட வேண்டும். இருபது பக்கம் உள்ள தாயத்துக்கு நாங்கள் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். இன்னொரு கட்டுதான் அந்த அரக்கர் புத்தகம். முந்நூறு உருப்படி இருக்கும். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே எண்கள்.

நாங்கள் என்றால் நான்கு பெண்கள். ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. சத்தியவேட்டில் ஒரு மாடி அறையில் நான்கு கட்டில். அறையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊர்தான் பெயர். நான் விஜயபுரத்துக்காரி. நாகலாபுரத்திலிருந்து இரண்டு பேர், ஒருத்தி குள்ளம், ஒருத்தி நெட்டை. ஜன்னலோரக் கட்டில் ஏர்பேட்டுக்காரியுடையது. அவள் வீட்டில் நிலம் கிடையாது. அவளுடைய நைனாவும் அம்மாவும் கூலிக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதா மாதம் கையில் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். அவள் சம்பளத்தில்தான் தங்கை திருப்பதியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆட ஆரம்பித்தபோது அது முதல் வருடம். "அவ வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு வர வரைக்கும் நான் இந்த நாற்காலிய வுட்டு எழுந்திரிக்க மாட்டன்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரம்மா கேட்டைப் பூட்டிவிடுவார். கோயிலுக்கு என்றால் மட்டும் திறப்பார். வாரம் தவறாமல் கோயிலுக்குப் போக எங்களுக்குப் பக்தி போதவில்லை. அதனால் ஆட்டம்.

முதல் ஞாயிறு நான் புத்தகத்தைப் பார்த்து, பாலத்துக்கு அடியில் இரண்டு தலை ராட்சதன் ஒருவனை நிறுத்தினேன். பல், நகம், கதாயுதம் எல்லாம் வர்ணித்து, "இப்ப இன்னா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கத்தியை உருவுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அது இன்னா துன்னும்?" என்றாள் குள்ளச்சி.

"அதுக்கு இன்னா வோணுமாம், மொதல்ல அத்தக் கேளு" என்றாள் ஏர்பேட்டுக்காரி. "வெள்ளிக்கிழம பொங்கல் வெச்சி ஒரு சேவல் வுட்டா வழிய வுடுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டை போடுவதற்காக இருக்கிற பேய், இது சண்டை ஆட்டம் என்று கத்தினேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் பைத்தியக்காரி. எங்கள் பக்கத்து ஊர்களில் ஊர் எல்லையில் இருக்கிற பேயோடு யாரும் சண்டைக்குப் போனதில்லை. என்ன கேட்கிறது என்று விசாரிப்பார்கள். ஆடு கேட்டால் கோழி தருகிறோம் என்று பேரம் பேசுவார்கள். ஒத்துக்கொண்டால் வருடா வருடம் கொடுத்துவிட்டு அதன் பாதையில் அது, நம் பாதையில் நாம். இது எனக்கும் தெரியும், நானும் அதே ஊர்க்காரிதானே. ஆனால் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும், இந்த ராட்சதனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. எத்தனை அடி அடித்தால் சாவான் என்று இருந்தது. முந்நூறு பேயில் ஒன்றுக்கும் ஆசை என்று ஒன்று இல்லை. எல்லாம் சாவதற்கு வரிசையில் நின்றன.

அன்றைக்கே அந்தப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு ஒரு நீள நோட்டு வாங்கினேன். எங்கள் பேச்சு தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். அதனால் தமிழைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதினேன்; தமிழ் எழுத்தைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். பக்கத்துக்கு ஒரு பேய், பேய்க்கு நாலு கட்டம். எங்கே இருக்கும். வருவதற்கு முன்னால் எப்படித் தெரியும். என்ன கேட்கும். கடைசிக் கட்டம், எதை வாங்கிக்கொண்டு விடும்.

இரண்டு வருடம் அந்த நோட்டை எழுதினேன். நல்ல பேய்த் தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று இன்று யாராவது கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன், நிறுத்துவது கஷ்டம். நிறைய பேய் வேண்டாம். நாற்பது போதும், நாற்பதும் நாற்பது விதமாகக் கேட்க வேண்டும். மனிதர்கள் போய்த்தான் ஆக வேண்டிய இடத்தில் அது இருக்க வேண்டும். யாரும் போகாத குகையில் இருந்தால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன? வருவதற்கு முன்னால் ஒரு வாசனையோ சத்தமோ தடமோ வந்துவிட வேண்டும், திடீரென்று குதிக்கிற பேய்க்குப் பயப்படுவதில் மரியாதை இல்லை. புத்தூர் மலைப்பாதையில் லாரி டயர் தின்கிற ஒன்றை எழுதினேன். அது வருமுன் ரப்பர் கருகும் வாடை வரும். அது கேட்பது டயர். ஆனால் டிரைவர் இறங்கி உட்கார்ந்து தன் ஊர்க்கதை சொன்னால் கேட்டுவிட்டு வழி விடும். செம்மரக் காட்டில் ஒன்று, மரம் வெட்டிய கையா என்று உள்ளங்கையை மோந்து பார்க்கும். பஸ் ஸ்டாண்டில் ஒன்று, போகிற ஊரின் பெயரைக் கேட்கும்; சொன்னால் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். பிறகு எந்த பஸ்ஸில் ஏறுவது?

நாலாவது கட்டம்தான் எப்போதும் தொல்லை. சுலபமாகக் கொடுக்க முடிந்தால் பேய் சப்பென்று போய்விடும். கொடுக்கவே முடியாதது என்றால் ஆட்டமே இல்லை, அது வெறும் அநியாயம். கொடுக்கலாம், ஆனால் கொடுத்தால் வலிக்கும் என்கிற இடத்தில் அதை நிறுத்த வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

ஏர்பேட்டுக்காரி என் பேய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். எது வந்தாலும், "இடது கண்ண எடுத்துக்கோ" என்பாள். டயர் தின்னிக்கு இடது கண். செம்மரப் பேய்க்கு இடது கண். ஒரு கண்ணை எத்தனை முறைதான் கொடுப்பாய் என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். ஒரு ஞாயிறு நான் விடவில்லை. பேயின் குரலில், "இடது கண் வேணாம், வலது கண்ணக் குடு" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது மட்டும் வேணாம்டி" என்றாள். "எனக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்."

அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் வேர்க்கடலைச் செடி பிடுங்கும் இடத்தில் ஏதோ குத்தி, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. கண்ணாடி போட்டாலும் வராது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. வேலைக்குச் சேரும்போது இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு படிக்கச் சொன்னார்கள், படித்துவிட்டாள். எங்கள் வேலை லென்ஸ் வழியாகச் ஈயம் பற்றவைத்த சின்னச் சின்னப் புள்ளிகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது. எங்கள் வரிசையிலேயே குறை விடாதவள் அவள்தான். ஒற்றைக் கண்ணால் அவள் பிடித்ததை நான் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு கோட்டைவிட்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளில் புது மெஷின் வந்தது, கூடவே புது விதி. லென்ஸ் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை. ஒவ்வொரு கண்ணாகத் தனித்தனியாக. ஐந்தாவது வரி வரைக்கும் படிக்காதவர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் போட்டேன். விளையாட்டாக ஆரம்பித்ததா, பயத்தில் ஆரம்பித்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. எங்கே இருக்கும்: முதல் மாடி ஹெல்த் ரூம். முன்னால் எப்படித் தெரியும்: நோட்டீஸ் போர்டில் பட்டியல். என்ன கேட்கும்: ஐந்து வரி. நாலாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

"ஏன், எழுதேன்" என்றாள் ஏர்பேட்டுக்காரி. "நாம கண்டுபிடிக்கலாம்."

கண்டும் பிடித்தோம். நாகலாபுரத்துக்காரிகள் இருவருக்கும் முதல் நாளே பரிசோதனை. சுவரில் தொங்கும் பலகையில் ஆங்கில எழுத்துகள் என்றும், எல்லோருக்கும் அதே பலகைதான் என்றும் பார்த்து வந்தார்கள். நெட்டை முதல் மூன்று வரியையும் குள்ளச்சி அடுத்த இரண்டையும் மனப்பாடம் செய்து வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார்கள். ஏர்பேட்டுக்காரிக்கு மூன்றாம் நாள். நடுவில் ஒரு நாள் முழுக்க, கம்பெனி பஸ்ஸிலும் சாப்பாட்டு வரிசையிலும் துணி துவைக்கும்போதும் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நான் வாத்தியாரம்மா வேலை பார்த்தேன். "கடகடன்னு சொல்லாதடி, சந்தேகம் வரும். மொதல்ல கொஞ்சம் நிறுத்து. கண்ண இடுக்கிப் பாரு. அப்புறம் ஒவ்வொண்ணா சொல்லு." அவள் அப்படியே செய்து காட்டினாள். மெய்யாகவே படிக்கிறவள் போல இருந்தது. நாங்கள் கை தட்டினோம்.

அன்று வரிசையில் அவள் முன்னால், நான் பின்னால். ஹெல்த் ரூமில் இருந்த நர்ஸம்மா நல்ல மாதிரி. வயிற்று வலி என்று போனால் உட்காரவைத்து வெந்நீர் கொடுப்பவர். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, வலது கண்ணை மூடச் சொன்னார். இடது கண்தான் முதலில். அவள் மூடினாள். பலகையைப் பார்த்தாள். பேசவில்லை.

ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"மேடம், தனக்கி இங்கிலீஷ் ராது மேடம். தெலுகு மீடியம்."

அவளுக்கு இங்கிலீஷ் வராது என்று ஏன் சொன்னேன்? இரக்கப்பட்டு, போகட்டும் என்று விட்டுவிடுவார் என்று எண்ணினேன். இரண்டு வருடமாக நான் எழுதிய பேய்கள் எல்லாமே அப்படித்தான், கேட்டது இல்லையென்றால் வேறொன்றைச் சொல்லிப் பார்க்கலாம். நர்ஸம்மாவின் முகம் மலர்ந்தது. "அய்யோ, முந்தே செப்பொச்சு கதம்மா! தெலுகு உந்தி கதா" என்றார், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, தெலுங்கும் இருக்கிறதே என்று. எழுந்து போய்ப் பலகையை ஆணியிலிருந்து எடுத்தார். திருப்பி மாட்டினார். பின்பக்கம் முழுக்கத் தெலுங்கு எழுத்துகள்.

"இங்கிலீஷே சதுவுதா மேடம்" என்றாள் அவள், ஆங்கிலமே படிக்கிறேன் என்று. "பர்வாலேது, பயப்படகு" என்று அவள் தோளில் தட்டிக்கொடுத்தார் நர்ஸம்மா. மேலே இருந்த ஒரே ஒரு பெரிய எழுத்தை அவள் சொன்னாள், அதுவும் தப்பு. மூன்று முறை நிதானமாகக் கேட்டார். வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டார். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுதாமலே இருந்தார். என் முறை வந்து நான் உட்கார்ந்தபோது எனக்கும் தெலுங்குப் பக்கமே தொங்கியது. இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரை படித்தேன். அவ்வளவு அவமானமாக நான் எதையும் படித்ததில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சத்தியவேடு வரும்போதுதான் பேசினாள். "நான் மறக்கலடி. நீ சொன்ன மாதிரிதான் நிறுத்திக்கினு இருந்தன்."

அடுத்து வந்த நாட்களில் நான் போகாத இடமில்லை. சூப்பர்வைசர், அவளை மாதிரி வேலைக்காரி கிடைக்க மாட்டாள் என்று எனக்கு முன்னாலேயே புலம்பினார். "நா சேதுல்லோ ஏமீ லேதம்மா" என்றார், தன் கையில் ஒன்றும் இல்லையாம். பேக்கிங்கில் போடுங்கள் என்றேன். அது வேறு ஒப்பந்தக்காரருடையது. ஆபீசில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சிஸ்டத்தில் ஏறிவிட்டது என்றாள். ஒப்பந்தக்காரர், கம்பெனி விதி என்றார். யாரும் கத்தவில்லை, யாரும் விரட்டவில்லை. எனக்குத் திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் அகப்படவில்லை. நீ கேட்கிறதுக்குப் பதில் இதை வைத்துக்கொள் என்று சொல்ல, எதிரே எதுவும் இருந்தால்தானே? கழிப்பறையில் போய் அழுதேன், வேறு என்ன செய்ய?

அவள் கிளம்பிய ஞாயிறு, தகரப் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். அவளுடைய நைனா மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். "பாதியில நிக்கிற ஆட்டத்த முடிச்சிட்டுப் போறன்" என்று தரையில் உட்கார்ந்தாள். முந்தின வார ஆட்டத்தில், வற்றிப்போன ஒரு போர்வெல் குழியிலிருந்து ஒரு நீளக்கழுத்துப் பேய் எழுந்து, அவர்கள் வழியை மறித்திருந்தது. நான் நோட்டைத் திறக்கவில்லை. பேய் அவளைப் பார்த்தது, தலையைத் தாழ்த்தியது, வழியை விட்டுத் திரும்பவும் குழிக்குள் போய்விட்டது என்றேன்.

"ஏன் போவுது?" என்றாள்.

"போவுது, அவ்ளோதான்."

"சும்மா வுட்டுக் குடுக்காதடி." அவளுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பலகை திரும்பிய அன்றுகூட வரவில்லை. "இன்னா வோணும்னு கேளு. நான் குடுப்பன். வலது கண்ணக் கேட்டாலும் குடுப்பன். கேளு!"

நான் கேட்பேன் என்று அவள் காத்துக்கொண்டே இருந்தாள். கீழே அவளுடைய நைனா கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. அதில் எங்கள் துணிகளைக் குவித்து வைத்தோம். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், அந்தத் துணிகள் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. அதே தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒரு கணம் அவளே திரும்பி வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். அதே மூக்கு, அதே நெற்றி. இரண்டு வருடம் இளையவள்.

"நர்சிங்கு?" என்று கேட்டேன்.

"நிறுத்திட்டன்க்கா. ரெண்டாவது வருஷத்தோட." காலையில் கண் பரிசோதனை முடிந்துவிட்டதாம். அக்கா உட்கார்ந்த அதே நாற்காலியையே கொடுத்திருக்கிறார்களாம். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அந்த ஞாயிறு மத்தியானம், "ஒரு பேய் நோட்டு கீதாமே, அக்கா சொல்லிச்சி" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தெலுங்கு எழுத்தில் இருந்ததால் கடகடவென்று படித்தாள். டயர் தின்னிக்குச் சிரித்தாள். போர்வெல் பேய்க்குப் பயந்தாள். கடைசியில் அந்தப் பக்கத்துக்கு வந்தாள். ஹெல்த் ரூம், நோட்டீஸ் போர்டு, ஐந்து வரி என்று விரலை வைத்துப் படித்துக்கொண்டே போன விரல், நாலாவது கட்டத்தில் நின்றது.

"இதுல மட்டும் எழுதல. இது இன்னாத்த வாங்கிக்கினு போச்சுக்கா?"

குள்ளச்சி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் டம்ளரை எடுத்துச் சீட்டுகளைக் குலுக்க ஆரம்பித்தேன்.